மாடியில் ஒரே ஒரு சிஸ்டர்

1

இன்று என் தங்கை மகனுக்கு வடபழனி முருகன் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்தினார்கள். அவனுக்கு ஒரு வயது முடிந்துவிட்டது. எல்லோரும் கோயிலிலிருந்து மந்தைவெளி வீட்டுக்குத் திரும்பியிருப்பார்கள் என்று கணக்குப் பார்த்து நான் இங்கிருந்து ஃபோன் செய்தேன். இங்கே என்றால் இங்கிலாந்தின் வடக்கில், மழை விடாத ஒரு சிறிய ஊர். காது வலியில் பையன் வீறிட்டு அழுதுகொண்டிருந்தான். என் தங்கை மீனா ரிசீவரை அவன் வாயருகே பிடித்து, பெரியம்மாவிடம் சொல்லி அழு என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பைக் கேட்டதும் நான் சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். சந்தோஷத்தில் இல்லை. போன வருடம் இதே நாளில், இதே ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு, மீனா உயிரோடு இருக்கிறாளா என்று தெரியாமல் நின்றிருந்தேன். அந்தப் பயம் ஒரு வருடமாகியும் உடம்பை விட்டுப் போகவில்லை. ஃபோன் மணி அடித்தால் இரண்டு முறை அடிக்கவிட்டுத்தான் எடுக்கிறேன். எழுதினாலாவது கொஞ்சம் குறைகிறதா என்று பார்க்கிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பயந்தாங்கொள்ளி. பல்லிக்குப் பயம், லிஃப்டுக்குப் பயம், இங்கே வந்த பிறகு பனியில் வழுக்கிவிடுமோ என்று நடைபாதைக்கே பயம். நீயெல்லாம் எப்படி நர்ஸ் ஆனாய் என்று மயிலாப்பூரில் என்னோடு பள்ளியில் படித்தவர்கள் இன்னமும் கேட்கிறார்கள். பயந்தாங்கொள்ளியாக இருந்ததால்தான் ஓரளவு ஒழுங்கான நர்ஸ் ஆனேன் என்பது என் கட்சி. ஏன் என்பதைப் போகப் போகச் சொல்கிறேன்.

2

சென்னையில் நான் ஓர் அரசு மருத்துவமனையின் பிரசவ வார்டில் வேலை பார்த்தேன். கட்டிலுக்கு ஒருவர், கட்டிலுக்குக் கீழே பாயில் ஒருவர் என்று நிறைந்திருக்கும் வார்டு. டியூட்டிக்குப் போனதும் எங்களுக்குக் காலை வணக்கமே 'இன்னைக்கு ஆள் இல்லை' என்பதுதான். அவள் லீவு, இவள் மாற்றலாகிப் போய்விட்டாள், அந்த இடத்துக்கு இன்னும் யாரையும் போடவில்லை. கொஞ்ச நாளில் அதற்கு இன்னொரு காரணமும் சேர்ந்துகொண்டது. துபாய், மஸ்கட் என்று ஒவ்வொருத்தியாக விமானம் ஏறினார்கள். வழியனுப்பு டீயும் சமோசாவும் வாரா வாரம் நடந்தன. ஒரு நாள் நானும் அந்த சமோசாவுக்குக் காரணமானேன். என் கணவர் சேகர், அப்போது மூன்று வயதான மகள் நிலா, நான், மூவரும் இங்கே வந்து சேர்ந்தோம்.

வந்தவுடன் நான் நர்ஸ் இல்லாமல் போய்விட்டேன். இங்கே பதிவு செய்ய வேண்டும் என்றால் என் படிப்புச் சான்றைச் சென்னை அலுவலகமே நேராக இங்கே அனுப்ப வேண்டும். என் கையிலிருக்கும் அசல் செல்லாது. எழுதிப் பார்த்தேன், பதில் இல்லை. அம்மா நேரில் போய்க் கேட்டதற்கு, அனுப்ப வேண்டிய கிளார்க் நீண்ட விடுப்பில் இருக்கிறார், அந்த சீட்டுக்கு ஆள் இல்லை என்றார்களாம். காகிதம் வரும்வரை படுக்கை விரிக்கலாம், தேநீர் கொடுக்கலாம், மாத்திரையைத் தொடக்கூடாது. எத்தனையோ பிள்ளைகளை முதலில் தாங்கிய கைகளை வைத்துக்கொண்டு நான் மாதக்கணக்கில் தேநீரில் எத்தனை சர்க்கரை என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அதையும் அவர்கள் பேசும் ஆங்கிலம் புரியாமல் இரண்டு முறை கேட்பேன்.

ஒருவழியாகப் பதிவு கிடைத்து, முறையாக நர்ஸ் ஆகி, இரண்டு வருடம் ஓடியது. மீனா முதல் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். நான் கூட இருக்க வேண்டும் என்று லீவு கேட்டேன். எங்கள் வார்டு மேலாளர் கெட்டவர் இல்லை. தலையைச் சாய்த்து, என் கையைப் பிடித்துக்கொண்டு, ஆள் இல்லையே வசந்தா என்றார், அவர் மொழியில். இருவர் வேலையை விட்டுப் போயிருந்தார்கள், ஒருத்தி முதுகு வலியில் கிடந்தாள். ஆள் இல்லாத ஊரை விட்டு ஆள் இல்லாத ஊருக்கு வந்திருக்கிறேன் என்று அப்போது எனக்குச் சிரிப்புக்கூட வந்தது.

3

நடுவில் ஒரு கூத்தைச் சொல்லியாக வேண்டும். காகிதத்துக்காகக் காத்திருந்த நாட்களில் நடந்தது.

ஒரு மதியம் பக்கத்து வார்டில் உதவிக்கு ஆள் வேண்டும் என்று என்னை அனுப்பினார்கள். அன்று என் அளவுக்குச் சீருடை சலவையிலிருந்து வரவில்லை. யாருடையதோ கருநீல உடையைக் கொடுத்திருந்தார்கள். அந்த வார்டு மேசையருகே நின்றிருந்த அம்மாள் கோட்டை மாட்டிக்கொண்டு, நீ யார் என்று கேட்டார். நம் ஊரில் எப்படிச் சொல்வோம்? சிஸ்டர் வசந்தா என்றேன். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அப்பாடா, ஒருவழியாக அனுப்பினார்களே என்று சொல்லி ஒரு கொத்துச் சாவியை என் உள்ளங்கையில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

நமக்கு வெள்ளை உடுத்திய எல்லோரும் சிஸ்டர். இந்த ஊரில் சிஸ்டர் என்றால் வார்டுக்கே தலைவி, அவருக்கு உடை கருநீலம். அது எனக்குத் தெரியாது. கையில் இருந்தது மருந்து அலமாரிச் சாவி. எதிரே இரண்டு வரிசைப் படுக்கைகள். ஒரு மாத்திரைகூடக் கொடுக்க அனுமதி இல்லாத நான், அத்தனை உயிர்களுக்கும் பொறுப்பாளி. ஒரு கிழவர் கையைத் தூக்கி, சிஸ்டர் என்று கூப்பிட்டார். நான் அவரைப் பார்க்கக்கூட இல்லை. சாவியை எடுத்துக்கொண்டு படியில் தடதடவென்று இறங்கி, மழையில் நனைந்தபடி பஸ் நிறுத்தம்வரை ஓடி அந்த அம்மாளைப் பிடித்தேன். அவர் என்னைத் திட்டவில்லை, திரும்ப வந்தார். பிறகு பல நாள் அங்கே இதைச் சொல்லிச் சிரித்தார்கள்.

நானும் கூடச் சிரித்தேன். ஆனால் அந்தச் சாவி கையில் விழுந்த நொடியில் அடிவயிற்றில் ஏறிய குளிர் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. நல்லவேளை, பயந்தேன்.

4

மீனாவை மயிலாப்பூரில் ஒரு நர்சிங் ஹோமில் சேர்த்தார்கள். பெயர் வேண்டாம். கோயில் குளத்திலிருந்து லஸ் பக்கம் போகும் சந்து ஒன்றில், பழைய வீட்டை இடித்துக் கட்டிய மாடிக் கட்டடம். கீழே வரவேற்பு மேசை, ஃபோன், வாட்ச்மேன். மாடியில் அறைகள். டாக்டரம்மா கைராசிக்காரர், தி. நகரிலும் அடையாறிலும்கூட அவருக்கு நர்சிங் ஹோம் உண்டு. மூன்று இடத்துக்கும் காரில் சுற்றிக்கொண்டே இருப்பார்.

அது சனிக்கிழமை. இங்கே காலை, அங்கே மதியத்துக்கு மேல். சேகர் வேலைக்குப் போயிருந்தார். நிலா டிவி முன்னால். நான் ஃபோன் செய்ததும் வாட்ச்மேன் மாடிக்குக் குரல் கொடுக்க, அம்மா மூச்சு வாங்க இறங்கி வந்தாள். என் அம்மா கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள், எதையும் வரிசையாகத்தான் சொல்வாள். பையன் பிறந்து மூன்று மணி நேரம் ஆகிறது, சுகப்பிரசவம், மூக்கு அப்பா மாதிரி, மாப்பிள்ளை பாஸ்கர் இனிப்பு வாங்கப் பனகல் பூங்கா பக்கம் போயிருக்கிறார். நான் மீனா எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.

"அசந்து தூங்குறா வசந்தா. அழுக்கெல்லாம் நல்லாப் போகுது."

பிள்ளை பெற்ற பின் வருகிற ரத்தத்துக்கு எங்கள் வீடுகளில் அழுக்கு என்று பெயர். கெட்ட ரத்தம், உள்ளே தங்கினால்தான் ஆபத்து, போவது நல்லது என்று வாழையடி வாழையாக வந்த நம்பிக்கை. அம்மா அதைத் திருப்தியோடுதான் சொன்னாள், பாஸ் மார்க் போடுகிற குரலில். எனக்கு அந்த 'நல்லா' என்ற சொல் காதில் ஊசி ஏறின மாதிரி ஏறியது. எவ்வளவு நல்லா என்றேன். கனத் துணி மூன்று முறை மாற்றியாயிற்று, இப்போது கீழே விரித்த பழைய புடவையும் நனைந்து மெத்தைக்கு இறங்கிவிட்டது என்றாள். வயிற்றைக் கட்டியிருக்கிறாயா என்று கேட்டேன். பின்னே, உனக்குக் கட்டின மாதிரியே பழைய வேட்டியைக் கிழித்து இறுக்கிக் கட்டியிருக்கிறேன் என்றாள்.

கை எப்படி இருக்கிறது? ஜில்லென்று இருக்கிறது, ஃபேன் ஓடுகிறதே, கம்பளி போர்த்தியிருக்கிறேன். நெற்றி? வேர்த்திருக்கிறது. கம்பளி போர்த்தினால் வேர்க்கத்தானே செய்யும். கூப்பிட்டால் கண்ணைத் திறக்கிறாளா?

"கூப்பிட்டேன். உம்முன்னா. பாவம், ராத்திரி பூரா வலியில தூங்கலையே. சிஸ்டரும் எழுப்பாதீங்கன்னு சொல்லிட்டா."

நான் கத்தியிருக்க வேண்டும். நிலா திரும்பிப் பார்த்தாள். சிஸ்டரை உடனே ஃபோனுக்கு வரச் சொல் என்றேன். அம்மா ரிசீவரை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். ஆட்டோ சத்தம், வாட்ச்மேனின் ரேடியோவில் கிரிக்கெட் வர்ணனை, யாரோ சில்லறை கேட்கிறார்கள். உலகம் அதன் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. என் தங்கையின் ரத்தம் இறங்கிக்கொண்டிருந்தது. அவ்வளவு தூரம் எனக்குத் தெரிந்துவிட்டது, அங்கே இருந்த யாருக்கும் தெரியவில்லை.

"ஹலோ, சிஸ்டர் பேசறேன்" என்றது ஒரு சின்னக் குரல்.

நான் மீனாவின் அக்கா, நானும் நர்ஸ்தான் என்று சொல்லி, டாக்டர் எங்கே என்று கேட்டேன். அடையாறில் ஆபரேஷனில் இருக்கிறார் என்றாள். பெரிய சிஸ்டர் யாராவது?

"யாரும் இல்லீங்க சிஸ்டர். பெரிய சிஸ்டரு போன மாசம் துபாய் போய்ட்டாங்க. நா மட்டும்தான் கீறேன்."

நீ எங்கே படித்தாய் என்று கேட்டேன். கேட்கும்போதே பதில் தெரியும்.

"பத்தாவது சிஸ்டர். வூடு ஈக்காட்டுத்தாங்கல். இங்க வந்து ஆறு மாசம் ஆவுது. அவங்க நல்லாத்தான் கீறாங்க, தூங்கிக்கினு கீறாங்க."

அவள் குரலில் துளிப் பயம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பொய் சொல்கிறவளாக இருந்தால் அதட்டலாம். அலட்சியக்காரியாக இருந்தால் மிரட்டலாம். இவள் உண்மையிலேயே எல்லாம் நன்றாக இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தாள். பெயர் கேட்டேன். கலா என்றாள்.

"கலா, நான் சொல்றதை மட்டும் கேளு. அவங்க தூங்கல, மயங்கிக்கிட்டு இருக்காங்க. வயித்துக் கட்டை அவுத்துடு. தொப்புள்கிட்ட கையை வெச்சு அமுக்கிப் பாரு. உரிச்ச தேங்கா மாதிரி கெட்டியா ஒண்ணு கையில தட்டணும். தட்டலன்னா, பிசைஞ்ச மாவு மாதிரி இருந்தா, உருட்டித் தேய். கெட்டியாகிற வரைக்கும் தேய். ரத்தம் கட்டி கட்டியா வரும், பயப்படாதே, கையை எடுக்காதே."

"இன்னா சிஸ்டர் சொல்றீங்க? அவங்க அம்மா கட்டுனதை நா அவுத்தா திட்டுவாங்களே."

அம்மாவிடம் ஃபோனைக் கொடுக்கச் சொல்லிப் பேசினேன். கட்டை அவிழ், கால்மாட்டுப் பக்கம் கட்டிலுக்கு அடியில் செங்கல்லோ எதுவோ வைத்து உயர்த்து, பிள்ளையை எடுத்து அவள் மாரில் போடு, அவன் சப்பினால் கர்ப்பப்பை சுருங்கும். அம்மா எதிர்க் கேள்வி கேட்கவில்லை. என் குரலில் எதையோ கேட்டுவிட்டாள். வாட்ச்மேனிடம் கொடு, அவர் அடையாறுக்கு ஃபோன் போட்டு டாக்டரை ஆபரேஷன் தியேட்டரிலிருந்தே வரச் சொல்லட்டும் என்றேன்.

அப்போது வாட்ச்மேன் சொன்னதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். வீட்டுப் பெரியவர் மாதிரி நிதானமாகச் சொன்னார்.

"நீ வெச்சாத்தான்மா நா போட முடியும். ஒரே லைனுதான் கீது."

5

வைத்தேன். கை வரவில்லை, இன்னொரு கையால் பிடித்து வைத்தேன்.

அந்த ஒயர் வழியாகத்தான் நான் அந்த அறையில் இருந்தேன். வைத்தவுடன் நான் யாருமில்லை, ஐயாயிரம் மைலுக்கு அப்பால் சமையலறையில் நிற்கிற ஒருத்தி. கலா மாடிக்குப் போனாளா, சரியான இடத்தில் கை வைத்தாளா, ரத்தக் கட்டியைப் பார்த்துப் பயந்து ஓடிவிட்டாளா, எதுவும் தெரியாது. கொஞ்சம் பொறுத்து ஃபோன் செய்தேன். எங்கேஜ்டு. மறுபடி. எங்கேஜ்டு. டாக்டரிடம் பேசுகிறார்கள் என்று ஒரு முறை நினைத்தேன். ரிசீவரைச் சரியாக வைக்கவில்லை என்று மறுமுறை நினைத்தேன்.

நிலா பக்கத்தில் வந்து நின்றாள். அவளுக்குத் தமிழ் புரியும், பேசுவது விட்டுப்போயிருந்தது. வீட்டில் தமிழ்தான் பேச வேண்டும் என்று நான் வைத்திருந்த சட்டம் பள்ளிக்கூடம் போன முதல் மாதத்திலேயே காற்றில் போயிற்று. அவள் ஆங்கிலத்தில் கேட்டாள், உன் சிஸ்டர் மயக்கமாக இருக்கிறாள் என்றாய், அப்புறம் சிஸ்டரை ஃபோனில் பேசச் சொல்கிறாய், மயக்கமாக இருக்கிறவள் எப்படிப் பேசுவாள்?

நான் விளக்கப் பார்த்தேன். இவள் வேறு சிஸ்டர், நர்ஸ். அப்படியா, அவள் நர்ஸா என்றாள். இல்லை என்றேன். அப்புறம் ஏன் சிஸ்டர் என்கிறாய்? ஆறு வயதுப் பிள்ளை கேட்டது நியாயமான கேள்வி. நாங்கள் அவளைச் சிஸ்டர் என்று கூப்பிட்டோம், அவள் வெள்ளைக் கோட்டுப் போட்டிருந்தாள், என் அம்மா நிம்மதியாக இருந்தாள். ஊரே அப்படித்தான் நிம்மதியாக இருக்கிறது. நான் குழந்தையைத் தள்ளிவிட்டு மறுபடி எண்ணைச் சுழற்றினேன். அவள் அழுதுகொண்டே டிவி பக்கம் போனாள்.

பயத்தில் மனசு எங்கெங்கோ போகிறது. மீனாவுக்கு நான் அனுப்பிய ஸ்வெட்டர் அந்த வெயிலுக்கு எதற்கு என்று தோன்றியது. பாஸ்கர் இனிப்புப் பெட்டியோடு படியேறும்போது யார் முதலில் சொல்வார்கள் என்று யோசித்தேன். அம்மா தனியாக அந்த அறையில், கையில் பிள்ளையோடு. நான் அங்கே இருந்திருந்தால் என்ற நினைப்பு வந்தபோது அதை அப்படியே அமுக்கிவிட்டேன். அதை நினைக்க ஆரம்பித்தால் நிற்க முடியாது.

எத்தனையாவது முறையோ, மணி போயிற்று. வாட்ச்மேன்தான் எடுத்தார். டாக்டரம்மா வந்துவிட்டார், கூட அடையாறிலிருந்து ஒரு நர்ஸையும் ஏற்றி வந்திருக்கிறார், மாப்பிள்ளை ரத்தம் வாங்க ஓடியிருக்கிறார் என்றார். உயிர் இருக்கிறதா என்று நான் கேட்டேன். அப்படித்தான் கேட்டேன், என் சொந்தத் தங்கையைப் பற்றி.

"கீதும்மா. கத்தறாங்க பாரு, கேக்குதா?"

மாடியிலிருந்து மீனாவின் கத்தல் கேட்டது. வலியில் கத்துகிறாள். அவ்வளவு இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை.

6

மிச்சத்தை அம்மா பிற்பாடு சொன்னாள். கட்டை அவிழ்த்துக் கை வைத்ததும் கலா, கெட்டியாக எதுவுமே இல்லையே என்று அம்மாவைப் பார்த்தாளாம். தேய்க்க ஆரம்பித்ததும் கட்டி கட்டியாக வெளியே வந்தது. அதைப் பார்த்து அவள் கிரீச்சிட்டாள், ஆனால் கையை எடுக்கவில்லை. அந்த சிஸ்டர் எடுக்கக் கூடாதுன்னாங்க என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு, அழுதுகொண்டே தேய்த்தாள். கையின் கீழே இறுகுகிறது என்று ஒரு முறை சொன்னாள். டாக்டர் வந்து அவள் கையைப் பிடித்து எடுத்துவிடும்வரை நிறுத்தவில்லை. அதன் பிறகு படியில் போய் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள்.

அம்மா கலாவுக்கு ஒரு பட்டுப் பாவாடைத் துணி எடுத்துக் கொடுத்தாள். தெய்வம் என்றாள். நானும் அவளை வாழ்த்தினேன். ஆனால் தெய்வத்தை நம்பி ஒரு மாடியை நடத்த முடியாது.

நான் இங்கே பேப்பரில் படிப்பேன், நர்ஸ்களுக்குப் பற்றாக்குறை, இத்தனை கைகள் தேவை என்று. கைகளா குறைகின்றன? அந்த மாடியில் கை இருந்தது, நல்ல பலமான கை. குறைந்தது பயம். எனக்குப் படிப்பில் சொல்லிக்கொடுத்ததெல்லாம் கடைசியில் எதற்குப் பயப்பட வேண்டும் என்பதைத்தான். நன்றாகத் தூங்குகிறாள் என்றால் பயப்படு. கை ஜில்லென்றால் பயப்படு. அழுக்கு நல்லாப் போகிறது என்று சந்தோஷமாகச் சொன்னால் ஓடு. பயந்தவள் போய்த் தொட்டுப் பார்ப்பாள், சத்தம் போடுவாள், டாக்டரைத் தொந்தரவு செய்வாள். அந்தப் பயத்தைக் கற்றுக்கொடுக்க மூன்று நான்கு வருடம் ஆகிறது. கற்றவர்கள் துபாய்க்குப் போய்விடுகிறோம், இங்கே வந்துவிடுகிறோம். வந்ததைத் தப்பென்று சொல்ல நான் தயாரில்லை. எங்களுக்கும் வயிறு உண்டு, மரியாதை வேண்டும். ஆனால் நாங்கள் கிளம்பும்போது அந்தப் பயமும் எங்களோடு விமானம் ஏறிவிடுகிறது, அங்கே வெள்ளைக் கோட்டு மட்டும் ஆணியில் தொங்குகிறது. அதை யாராவது மாட்டிக்கொண்டுதானே ஆக வேண்டும்?

7

இன்று பையன் அழுது ஓய்ந்த பிறகு அம்மா ஃபோனை வாங்கினாள். மொட்டைக்குப் புதுச் சட்டை எடுக்கப் போன வாரம் தி. நகர் போயிருந்தாளாம். பெரிய ஜவுளிக் கடை ஒன்றில் புடவைப் பிரிவில் நின்றுகொண்டிருந்த பெண், அம்மா என்று கூப்பிட்டிருக்கிறாள். கலா. பளிச்சென்று இருந்தாளாம். பிரித்துப்போட்ட புடவைகளை மடித்துக்கொண்டே பேசினாளாம். அந்த வேலையை விட்டு ரொம்ப நாள் ஆகிறதாம். ஏன் என்று அம்மா கேட்டதற்கு அவள் சொன்னதை அம்மா அப்படியே சொல்லிக் காட்டினாள்.

"அன்னிக்கப்புறம் மாடி ஏறவே பயமா இருந்துச்சும்மா. யாரு தூங்கினாலும் பயமா இருந்துச்சு."

பாவம், நல்ல இடத்தில்தான் இருக்கிறாள் என்று அம்மா சொன்னாள். அந்த மாடியில் பயப்படத் தெரிந்த ஒரே ஒருத்தி கலா. தெரிந்த உடனே போய்விட்டாள். நான் போன மாதிரியே போயிருக்கிறாள், அவளுக்குக் கிடைத்த தூரம் தி. நகர்வரை.

அம்மாவோடு பேசி முடித்ததும் அந்த நர்சிங் ஹோமுக்கு ஃபோன் செய்தேன். எதற்கென்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. அங்கே யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. மணி நிறைய நேரம் அடித்தது. பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு குரல், "சிஸ்டர் பேசறேன்" என்றது. புதுக் குரல், வந்து ஒரு வாரம் ஆகிறதாம். வாட்ச்மேன் எங்கே என்று கேட்டேன். அவர் வேலையை விட்டு நின்றுவிட்டார், ஃபோனும் நான்தான் பார்க்கிறேன் என்றாள். மாடியில் யாராவது பிரசவமானவர்கள் இருக்கிறார்களா?

"ஒருத்தங்க கீறாங்க. காலைலதான் ஆச்சு. நல்லாத் தூங்கிக்கினு கீறாங்க."

வயிற்றைத் தொட்டுப் பார்த்தாயா என்று கேட்டேன்.

"எதுக்குங்க?" என்றாள். சந்தோஷமான குரல்.

எதற்கு என்று சொன்னேன். போன வருடம் சொன்ன அதே வார்த்தைகளைத் தேங்காயிலிருந்து ஆரம்பித்து வேகவேகமாகச் சொன்னேன். அவள் உம், உம் என்று கேட்டுக்கொண்டாள். நீங்கள் யார் என்று மட்டும் கேட்டாள். இப்போது மேலே யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன்.

"மேல யாரும் இல்ல. ஃபோன் அடிச்சா நான்தானே எறங்கி வரணும்."

போ, உடனே மேலே போ என்று சொல்லி வைத்துவிட்டேன். போனாளா, தொட்டுப் பார்த்தாளா என்று தெரியவில்லை. மேலே தூங்குகிறவள் யார் வீட்டுப் பெண் என்றும் தெரியாது. அவர்கள் வீட்டிலும் யாரோ இனிப்பு வாங்கப் போயிருப்பார்கள். எண் மனப்பாடம், ஃபோன் என் பக்கத்திலேயே இருக்கிறது. மறுபடி நான் கூப்பிட்டால் அவள் மறுபடி கீழே இறங்கி வருவாள். அதனால் கூப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறேன்.